உலர இரண்டு நாள்

மார்ச்சில் கணவன் ஸெல்மர் இறந்ததிலிருந்து நோலாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, மாலை நடைவரை காபியும் குட்டித் தூக்கமுமாக இருப்பாள். இப்போது காபியை ஊற்றி வைத்துவிட்டு மறந்துபோய் விறகை அடுக்குகிறாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குகிறாள்.

அன்று புதன். சனிக்கிழமை எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு முதல் நாளைக்கூட இருவரும் விட்டதில்லை. இந்த முறை தனியாகப் போவதென்று முடிவு செய்திருந்தாள், ஸெல்மரின் துப்பாக்கியோடு. அது அவன் தாத்தா வாங்கியது. அதற்கான தோட்டா இப்போது எந்தக் கடைக்கும் வருவதில்லை. சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவி, வெடிமருந்து போட்டு நிரப்பிக்கொண்டால்தான் உண்டு. கழுவுவது நோலாவின் வேலை, நிரப்புவது ஸெல்மரின் வேலை. பக்கத்தில் நின்று பார்த்தே அதையும் கற்றிருந்தாள்.

துப்பாக்கியின் தோலுறையில் நிரப்பிய தோட்டாக்கள் ஐந்து இருந்தன. ஸெல்மர் கடைசியாக நிரப்பியவை. ஒவ்வொன்றின் அடிமூடியிலும், ஊசி குத்தினால் தீப்பற்றும் அந்தச் சின்ன மூடியில், சிவப்பு மையால் ஒரு கோடு, அவன் கையால் போட்டது. அவற்றைச் சுட அவளுக்கு மனமில்லை. அதனால்தான் காபி டப்பாவில் கிடந்த முப்பத்தெட்டு வெற்றுக் கூடுகளை எடுத்தாள்.

எரிந்துபோன அடிமூடிகளைத் தட்டி எடுத்தாள். வெந்நீர், சோப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு. கரி கறுப்பாக இறங்கியது. இனி பழைய துண்டில் பரப்பிச் சன்னலோரம் இரண்டு நாள் வைக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் மருந்து கெட்டுவிடும். வெள்ளிக்குள் காய்ந்துவிடும், நேரம் இருக்கத்தான் செய்தது. காத்திருக்கத்தான் அவளால் ஆகவில்லை.

தட்டில் பரப்பி, ரொட்டி சுடும் மின்னடுப்பில் குறைந்த சூட்டில் வைத்தாள். இரண்டு முறை திறந்து பார்த்தாள். பிறகு குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, பத்தே நிமிடம் என்று விறகு அடுக்கப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஸெல்மரின் தம்பி டெல்தான் வந்து அடுப்பைத் திறந்தான்.

"என்ன நோலா, பித்தளை வறுவலா? உப்புக் காரம் போட்டியா?"

ஓடி வந்தாள். கூடுகள் ஊதாவும் நீலமுமாக, எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல மினுங்கின.

டெல் சிரிப்பை நிறுத்தினான். "அடி வரைக்கும் நீலம் பாஞ்சிருக்கே."

"தேச்சாப் போயிடும்."

"நீலம் போகும். பித்தளை இளகினது இளகினதுதான். வாய்ப்பக்கம் மெத்துனு இருக்கலாம், அடி அப்படி இருந்தா வெடிச்சுப் பின்னாடி பீச்சும். உன் மூஞ்சிலதான்."

"மருந்தக் கொறைச்சுப் போட்டா?"

"போடேன். ஆனா போறதுக்கு முன்னாடி உன் மூக்குக் கண்ணாடிய எனக்குக் குடுத்துடு. அப்புறம் உனக்கு எதுக்கு அது?"

"வாயக் கழுவுடா."

"என் துப்பாக்கி ஒண்ணு சும்மாதானே கெடக்கு, எடுத்துக்க."

"அதுவா? அதால உன் கொட்டகையக்கூடச் சுட முடியாது."

அவள் இடுக்கியை எடுத்து ஒரு கூட்டின் அடிப்பக்கத்தை மெல்ல நெரித்தாள். நல்ல கூடு என்றால் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். இது நெரித்தபடியே நின்றது. இன்னொன்றை நெரித்தாள். அதுவும் அப்படியே. பிறகு சுத்தியலை எடுத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டையாக்கினாள், பழைய உலோகக் கடையிலிருந்து யாரும் பொறுக்கிப்போய் நிரப்பிவிடக் கூடாதென்று. டெல் காபி போட்டான்.

சனிக்கிழமை விடியலில் மேட்டின் மேல் பனி விழுந்திருந்தது. மர விளிம்பில் ஒரு பெண் எல்க் வந்து நின்றபோது, நோலா உறையிலிருந்து ஒரு தோட்டாவை உருவினாள். சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். போட்டாள். சுட்டாள்.

கூடு தெறித்துப் பனியில் ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கியது. மானிடம் போகுமுன் அதைத் தோண்டி எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. கோட்டின் நடுவில் ஊசி குத்திய பள்ளம்.

இறைச்சி சுமக்க வந்த டெல், "ஒரே குண்டா! எங்கண்ணன் மூணு குண்டாவது விடுவான்," என்றான்.

"அவன் பேசிக்கிட்டே சுடுவான்," என்றாள் நோலா.

ஞாயிறு காலை அந்த ஒற்றைக் கூட்டின் அடிமூடியைத் தட்டி எடுத்தாள். சிவப்புக் கோடு அதோடு வந்துவிட்டது. அதைக் காபி டப்பாவில் போட்டாள். கூட்டைக் கழுவிச் சன்னலோரம் துண்டின் மேல் வைத்தாள்.

திங்களன்று காலை நடை முடிந்து வந்தபோது அது இன்னும் காயவில்லை. நோலா அதைத் தொடவில்லை. காபியை ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.