எட்டாம் நம்பர் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே ஷாமினிக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. மேசைக் கால் ஆடியது, ஜெனரேட்டர் இருமியது, முடிவுக் கோட்டில் ஒட்டிவைத்த கம்பியை எவனோ காரை ஏற்றிப் பிய்த்துவிட்டிருந்தான்.

"கம்பி மேல நிறுத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? தமிழ்ல சொல்லியாச்சு, மலாய்ல சொல்லியாச்சு. இனி பாட்டாதான் பாடணும்!"

பந்திங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் முற்றம் அது. மாதம் ஒருமுறை அங்கே கிளப்பின் கார்ப் பந்தயம் நடக்கும். வாரம் முழுக்க வேலைக்குப் போகிற ஆட்கள் தங்கள் பழைய மைவி, சத்ரியா கார்களைக் கொண்டுவந்து, ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொருவராக வளைத்து ஓட்டுவார்கள். யாருக்கு நேரம் குறைவோ அவருக்குக் கோப்பை. நேரத்தைக் கணக்கிடும் மென்பொருள் ஷாமினியின் பொறுப்பு. ஒவ்வொரு காருக்கும் ஓர் எண் ஸ்டிக்கர், அதே எண்ணில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிக்னல் பெட்டி. பெட்டி கம்பியைத் தாண்டியதும் மடிக்கணினியில் ஓட்டியவர் பெயரும் நேரமும் தானாக விழும்.

விழ வேண்டும். போன மாதம் தப்பாக விழுந்துவிட்டது.

வார நாட்களில் ஷாமினிக்குக் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் கண்டெய்னர் எண்களைப் பதிவு செய்கிற வேலை. ஓர் எண் மாறினால் சரக்கு வேறு நாட்டுக்குப் போய்விடும். பதினோரு வருடத்தில் ஒரு பெட்டிகூட அவள் கையால் வழி தவறியதில்லை. அப்படிப்பட்டவளைத்தான் போன மாதம் கிளப் தலைவர் பக்கிரிசாமி மைக்கில் வைத்துக் கிழித்தார். சாலாக் செலாத்தானிலிருந்து வரும் அலெக்ஸ் லியோங், தன் நேரம் எங்கே போனது என்று கத்தியதுதான் காரணம். பக்கிரிசாமி கிள்ளானில் லோரி பட்டறை வைத்திருந்தவர். கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சைத் தவிர எதையும் நம்பமாட்டார்.

"இன்னொரு தடவ இந்த சாப்ட்வேர் குழப்புச்சுன்னா, மூட்டை கட்டிருவோம். பழையபடி நம்ம வாட்ச்தான்."

நான்கு வருடமாக வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட வேலை. அதை விட்டுவிட்டுக் குடைக்கடியில் பிஸ்கட் தின்றுகொண்டு புருஷன் ஓட்டுவதை வேடிக்கை பார்க்க ஷாமினியால் முடியாது. ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டாள். கேபிளை மாற்றினாள், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள், விற்றவனுக்கு எட்டு மின்னஞ்சல் போட்டாள். கோளாறு எதுவுமே இல்லை என்று பதில் வந்தது. அது இன்னும் வயிற்றெரிச்சல்.

வீட்டில் ஆறுதல் சொல்ல வேண்டிய அவள் கணவன் லோகனோ, போன மாதம் கிடைத்த மூன்றாம் பரிசுக் கோப்பையைத் துடைத்துத் துடைத்து பிரிட்ஜ் மேல் வைத்தான். ஆறு வருடத்தில் அவன் வாங்கிய முதல் கோப்பை. "உன் சாப்ட்வேர் எனக்கு ஒழுங்காத்தானே வேல செஞ்சுச்சு?" என்று கேட்டான்.

இன்று முப்பத்தொரு பேருக்கும் ஸ்டிக்கரையும் பெட்டியையும் அவளே கையில் கொடுத்து, பெயரை மும்முறை சரிபார்த்தாள். மத்தியானம்வரை கார்களை நிமிர்ந்து பார்க்காமல் திரையிலேயே கண்ணாக இருந்தாள்; எல்லாம் சுமுகமாகவே தெரிந்தது. பக்கிரிசாமி மட்டும் கூடாரத்துக்குப் பின்னால் நின்று ஸ்டாப்வாட்சை அமுக்கிக்கொண்டே, ஒவ்வொரு காரின் நேரத்தையும் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

கடைசியில் லோகனின் சிவப்பு சத்ரியா அவள் கண்ணெதிரே இரண்டு கூம்புகளைத் தூக்கியடித்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தள்ளாடிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. 'கடவுளே' என்று திரையைப் பார்த்தாள்.

நாலு. அலெக்ஸ் லியோங். எழுபத்தொன்று புள்ளி ஒன்பது விநாடி.

அவ்வளவுதான், போச்சு.

"என்னம்மா இது? சுத்துனது உன் வீட்டுக்காரன். பேரு லியோங்னு வருது?" பக்கிரிசாமி பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார். கை மைக்குக்குப் போய்விட்டது.

"அங்கிள், ஒரு நிமிஷம்! மைக்க தொடாதீங்க!"

வெயிலில் ஓடினாள். லோகன் காரிலிருந்து இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். கார்க் கதவில் ஒட்டியிருந்த எண் நாலு. காலையில் அவள் கொடுத்தது எட்டு.

"எட்டு எங்க?"

"லியோங்கிட்ட."

"ஏன் லியோங்கிட்ட?"

"எட்டு சனி நம்பர், உனக்குத் தெரியாதா? அவனுக்கு நாலு ஆகாது, சீனத்துல சாவுன்னு கேக்குமாம்; எட்டுன்னா உசுரு. போன மாசமே இப்படித்தான் மாத்திக்கிட்டோம் லா. பெட்டியும் சேர்த்துத்தான்."

போன மாதமே! அப்படியென்றால் அந்த மூன்றாம் பரிசு லியோங்கினுடையது.

"மாத்துனா என்கிட்ட சொல்லமாட்டீங்களா?"

"கம்ப்யூட்டருக்குக் காரத் தெரியாதா?"

"அது பெட்டியத்தான் பார்க்கும்! காரப் பார்க்க அதுக்கென்ன கண்ணா இருக்கு? ஊரே என்னைக் காறித் துப்புச்சு. அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

லோகன் தரையைப் பார்த்தான். "மூணாவது வந்தேன்னு எல்லாரும் சொன்னீங்க. நெசமாவே நல்லா ஓட்டிட்டேன் போலன்னு நெனச்சேன்."

அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. ஒரு நொடிதான். சட்டைக் கையைப் பிடித்துக் கூடாரத்துக்கு இழுத்துவந்தாள்.

பக்கிரிசாமி லியோங்கைக் கூப்பிட்டுவிட்டார். லியோங் பல்லைக் காட்டிக்கொண்டு, "நாலு ஆகாது லா, அங்கிள்" என்றான். ஷாமினி இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினாள். இரண்டு கிளிக். முன்பே கேட்டிருந்தால் இவ்வளவுதான் வேலை.

பக்கிரிசாமி தன் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். லியோங், நாற்பத்தெட்டு புள்ளி ஆறு. இரண்டிலும் அதுவே. லோகன், எழுபத்தொன்று புள்ளி ஒன்பது. முப்பத்தொரு வரியும் ஒத்துப்போயின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மைக்கை எடுத்து லோகன் கையில் திணித்தார்.

"நீயே சொல்லு. போன மாசத்தயும் சேர்த்துச் சொல்லு. உன் பொண்டாட்டி மேல தப்பில்லன்னு தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணு பாஷையிலயும் சொல்லு."

சொன்னான். மலாயில் சொல்லும்போதுதான் ரொம்பத் திணறினான். பரிசு கொடுக்கும்போது பக்கிரிசாமி முடிவுத் தாளை மட்டும் வாசித்தார். ஸ்டாப்வாட்ச் சட்டைப் பைக்குள் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் லோகன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பிரிட்ஜ் மேல் கோப்பையைக் காணவில்லை. அது லியோங் வீட்டுக்குப் போயாகிவிட்டது. பிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு முடிவுத் தாள் ஒட்டியிருந்தது.

"இத எதுக்கு இங்க ஒட்டுன? என் பேரு கடைசியில இருக்கு."

"ஆமா," என்றாள் ஷாமினி, தோசையைத் திருப்பிக்கொண்டே. "இப்பதான் எல்லாம் சரியா இருக்கு."