வெள்ளிக்கிழமை போட்டோவும் நகராத சர்வரும்

சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் எங்கள் தொழிலில் கவலையே இல்லை. உயிரோடு இருந்துகொண்டு மெதுவாக ஓடினால்தான் ஆபத்து. படுத்துவிட்டால் ஏதோ எரிந்திருக்கும், மாற்றிவிடலாம். 'ஸ்லோவா இருக்கு' என்றால் எதை மாற்றுவது? எப்போதிலிருந்து ஸ்லோ என்று கேட்டால் 'எப்பவுமே' என்பார்கள். இந்த வார்த்தையைக் கேட்டுத் தலையில் கை வைத்தவர்கள் மேலே படியுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. என் மகள் இப்போதுதான் தூங்கியிருக்கிறாள். அவள் சிணுங்குவதற்குள் முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

நாலு குடித்தனம்

நான் வேலை பார்ப்பது திருவள்ளூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி. எங்கள் பெரிய வாடிக்கையாளர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஃபேக்டரி. அங்கே நாலு பழைய சர்வர்களைத் தூக்கிவிட்டு ஒரே பெரிய சர்வரை வைத்து, அதற்குள் நாலு வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டினோம். அதாவது ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர் இருப்பதாக ஒரு பாவனை. ஒரு வீட்டில் நாலு குடித்தனம் மாதிரி. மூன்று குடித்தனம் ஒழுங்காக இருந்தது. பில் போடுகிற நாலாவது மட்டும் வரவர நகரமாட்டேன் என்றது. பில் வராமல் லாரி கிளம்ப முடியாது. லோடு ஏற்றிய லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றன.

டிஸ்பேட்ச் பார்க்கிற காதர் பாய் பழவேற்காட்டுக்காரர். அவரிடம் இந்தக் குடித்தனக் கதையைப் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாலு பேரும் தனித்தனி ஊட்ல நல்லாத்தானேம்மா இருந்தாங்க? நீங்களா புட்ச்சி ஒரே ரூமுல அடைச்சிட்டு, இப்ப மூச்சு முட்டுதுன்னா இன்னா பண்றது?"

எழுந்து நின்றதால் வந்த வினை

கான்வென்ட்டில் படித்த எனக்குப் பெரியவர்கள் பேசினால் எழுந்து நிற்கிற வியாதி உண்டு. எங்கள் எம்.டி. செல்போனில் கூப்பிட்டாலும் எழுந்துவிடுவேன். அன்றைக்குப் பெரியபாளையம் அம்மன் கோயில் வழியாகப் போகும் பஸ்ஸில், அபூர்வமாகக் கிடைத்த ஜன்னலோர சீட்டில் இருந்தேன். போன் வந்தது. எழுந்து நின்றேன். "அந்த ஃபேக்டரிக்காரங்க கான்ட்ராக்ட்டை நிறுத்தப் போறாங்களாம்மா. அது போச்சுன்னா எனக்கு ஒரு இன்ஜினியர் அதிகம். நீதான் கடைசியா சேர்ந்தவ. பயப்படாதே. சரி பண்ணிட்டேன்னா நீ இருப்பே. பண்ணலைன்னா... பயப்படாதே" என்றார்.

பயப்படாமல் என்ன செய்வது? என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு பேப்பரில் வேலை தேடிக்கொண்டிருந்தார். பால் பவுடரிலிருந்து வாடகை வரைக்கும் என் சம்பளம்தான். உட்காரலாம் என்று திரும்பினால், என் சீட்டில் கூடையோடு ஒரு அம்மாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நீ எறங்கலியா? அம்மாம் பயபக்தியா எழுந்து நின்னியே, கோயிலாண்ட எறங்கறேன்னு நெனச்சிக்கினேன்."

ராம் வந்தார்

எங்கள் எம்.டி.யிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: ராம், அதாவது மெமரி. 'ராம் பத்தாது, போடு' என்றார். போட்டேன். பெட்டியைத் திறந்தபோது ஃபேக்டரி ஆபீஸே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மூடி, சாமியைக் கும்பிட்டு ஆன் செய்தேன். காதர் பாய் ஒரு பில்லைத் தட்டினார். நாங்கள் காத்திருந்தோம். டீ வந்தது, குடித்தோம், கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் பில் வந்தது.

அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தேவராஜ் சார். பள்ளிப்பட்டுக்காரர், பக்திமான், நல்ல மனிதர். என் தோளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார்: "ராமரைக் கூப்ட்டு உள்ள குந்த வெச்சாச்சு. பறக்குறதுக்கு அனுமார் எப்ப மேடம் வருவாரு?"

பர்ஃபார்மன்ஸ் பார்த்த கதை

இதைத் தாய்மார்கள் புரிந்துகொள்வார்கள். குழந்தையை விட்டுவிட்டு வெளியூர் வந்த உடம்புக்கு மதியமானால் தானாகத் தெரிந்துவிடும். பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போகும். அந்த ஃபேக்டரியில் உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே அறை சர்வர் ரூம். கதவைத் தாழிட்டு, சர்வருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு டம்ளரில் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். தேவராஜ் சார் கதவைத் தட்டினார். "மேடம், உள்ள இன்னா பண்றீங்க?" பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "பர்ஃபார்மன்ஸ் பார்க்கிறேன் சார்!"

சொன்ன வாய்க்காக நிஜமாகவே பார்த்தேன். சாப்பாட்டு நேரம். காதர் பாயின் ஒரே ஒரு பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க் விளக்குகள் திருவிழா சீரியல் பல்பு மாதிரி துடித்தன. பிராசஸர் சும்மா இருந்தது. ராமும் சும்மா இருந்தார். டிஸ்க்குக்கு மட்டும் மூச்சு வாங்கியது. ஒரு பில்லுக்கு இவ்வளவு எதைத் தேடுகிறது? வெளியே தேவராஜ் சார் யாரையோ அதட்டுவது கேட்டது: "சத்தம் போடாதீங்கப்பா, மேடம் பர்ஃபார்மன்ஸ் பாத்துக்கினு இருக்காங்க!"

போட்டோ

புடவையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பில் மெஷினின் ஃபைல்களைத் திறந்தேன். ஒரு பெரிய ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில், அதன் பின்னால் கூட்ஸ் ரயில் மாதிரி பெட்டி பெட்டியாக ஃபைல்கள். எல்லாம் ஸ்னாப்ஷாட். மெஷினில் ஏதாவது மாற்றுவதற்கு முன், தப்பாகப் போனால் திரும்பிவர ஒரு அடையாளம் வைத்துக்கொள்வோமே, அதுதான். வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். இங்கே 'ஆடி வெள்ளி', 'வளர்பிறை வெள்ளி' என்று பெயர் வைத்து வரிசையாக நின்றன. தேவராஜ் சாரைக் கூப்பிட்டேன்.

"வாராவாரம் வெள்ளிக்கெழம நல்ல நேரத்துல ஒண்ணு எடுப்பேன் மேடம். அது போட்டோ மாதிரின்னு உங்க எம்.டி.தானே சொல்லிக் குடுத்தாரு? பில்லு மிஷினுதானே நமக்கு லட்சுமி?" என்றார் பெருமையாக. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகும் மெஷின் பழைய நோட்டை மூடி வைத்துவிட்டுப் புதுத் தாளில் எழுதுகிறது, ஒரு விஷயத்தைத் தேட அத்தனை தாளையும் புரட்டுகிறது, அதனால்தான் ஸ்லோ என்று விளக்கினேன். தலையாட்டினார். "அப்போ டெலிட் பண்ணிடலாமா சார்?" என்றதும் முகம் வெளுத்துவிட்டது: "எங்க நைனா போட்டோவ இன்னிக்கும் மாலை போட்டு வெச்சிக்கினு இருக்கோம். போட்டோவ யாராவது கிழிப்பாங்களா மேடம்? ஊட்டுக்கு ஆவாது!"

ஆல்பம்

எம்.டி.க்குப் போன் செய்து போட்டோ விவரத்தைச் சொன்னேன். சொல்லிக் கொடுத்தது தான்தான் என்பதை அவர் கண்டுகொள்ளவில்லை. "பாத்து பண்ணு. பில்லிங் டேட்டா போச்சுன்னா ரெண்டு பேரும் போனோம்" என்று வைத்துவிட்டார். முதல்முறையாக என்னோடு சேர்ந்து பயப்பட ஒருவர்.

தேவராஜ் சாரிடம் வேறு மாதிரி பேசினேன். "கிழிக்கலை சார். உதிரியா கிடக்கிற போட்டோவையெல்லாம் ஒரே ஆல்பமா ஒட்டறோம்." அது பொய்யுமில்லை, டெலிட் என்று பெயரே தவிர, அது தாள்களையெல்லாம் பழைய நோட்டோடு சேர்க்கிற வேலைதான். அவர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேட்டாவைத் தனியாக நகலெடுத்து, மெஷினை நிறுத்தினோம். பட்டனை அவர்தான் அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு. திரையில் கோடு கடகடவென்று ஓடி, முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நின்றது நின்றதுதான். பால் பவுடர் டப்பா, வாடகை, கணவர் முகம் எல்லாம் அந்தக் கோட்டின் முனையில் நின்றன. பள்ளிக்கூடத்து மாதாவிலிருந்து திருவள்ளூர் வீரராகவர் வரைக்கும் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். சாயங்காலம் டிஸ்க் விளக்குகள் அடங்கின. கோடு முழுசாகியிருந்தது.

மெஷினை எழுப்பினோம். பில்லுக்காகவே ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்த காதர் பாய் ஒன்றைத் தட்டிவிட்டு, வழக்கம்போல டீ சொல்ல எழுந்தார். முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்து அப்படியே நின்றார்: "இன்னாம்மா இது, ஒரு டீ குடிக்கக்கூட டைம் குடுக்க மாட்டேங்குது?"

திங்கட்கிழமை

மறுநாள் பயந்துகொண்டே ஆபீஸ் போனேன். ஃபேக்டரிக்காரர்கள் கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று வரவேற்பில் இருக்கிற பெண் சொன்னாள். எம்.டி. தலையை நீட்டினார். நான் எழுந்து நின்றேன். பாராட்டு, நன்றி ஒன்றும் இல்லை. ஒரு சீட்டை நீட்டினார்: "எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஒரு கம்பெனிம்மா. அங்கயும் ஸ்லோவாம்."

எங்கள் தொழிலில் வேலை நிலைத்துவிட்டது என்று யாரும் கடிதம் கொடுப்பதில்லை, அடுத்த ஸ்லோவின் விலாசத்தைத்தான் கொடுக்கிறார்கள்.