பச்சைப் பல்லிக்கு வீடு பார்த்த கதை

செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்ப்பவனுக்குப் பிராணிகளால் பெரிய தொல்லை கிடையாது; அவை கடித்தால் மருந்து போட்டுக்கொள்ளலாம். ஆட்களிடம் மாட்டிக்கொண்டால்தான் மருந்தில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று, வாடிக்கையாளர் சொல்வது தப்பு என்று தெரிந்தும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே இனம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலங்கியல் பட்டத்தோடு வேலை தேடி அலுத்து, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் கடையில் ஒரு தங்கமீன் செத்து மிதந்தால்கூட என் பட்டத்துக்கே இழுக்கு வந்துவிட்டதுபோல் பதறுவேன். அந்தச் சமயம் பார்த்து, பச்சை இகுவானா என்ற பெரிய பல்லியை வளர்க்கும் ஆசை ஊரில் பரவிக்கொண்டிருந்தது.

கெப்பாலா பத்தாஸ் கோழிகள்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. எனக்கு முன்னால் அந்தக் கவுண்டரில் நின்ற முருகையா அண்ணன் வேலையை விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போனது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆள்தான். இருந்தாலும் அப்படியே தருகிறேன்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒருவர் வந்து, மகன் ஆசைப்பட்டான் என்று ஓர் இகுவானா வாங்கிப் போனாராம். வீட்டில் வைக்க இடமில்லாமல் அதைக் கோழிக்கூண்டுக்குள் விட்டுவிட்டார். நாலு பக்கமும் கம்பிவலை, உள்ளே ஏறுவதற்கு மரக்கிளை, காலையில் நல்ல வெயில், மதியத்தில் வாழைமர நிழல். கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இகுவானாவுக்குக் கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று நான் படித்ததெல்லாம் அந்தக் கூண்டில் இருந்தது. ஆனால் அடுத்த மாதமே அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு திரும்பி வந்தாராம்.

"உங்க பல்லி நல்லாத்தான் இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்து என் கோழிங்கதான் முட்டை வைக்க மாட்டேங்குது. கோழிக்கு ஏதாச்சும் மருந்து வச்சிருக்கீங்களா?"

மீன்தொட்டி

எங்கள் முதலாளியை எல்லாரும் பாய் என்போம். நல்ல மனிதர். கடையின் பின்கட்டில் அடுக்கிக் கிடந்த கண்ணாடி மீன்தொட்டிகள் விற்க வேண்டும் என்பதற்காக, இகுவானா வாங்கும் ஒவ்வொருவர் தலையிலும் ஒன்றைக் கட்டிவிடுவார். "இது மரத்தில் வாழ்வது பாய், உயரமான வலைக்கூண்டு வேண்டும்" என்று நான் முணுமுணுத்தால், "ஒரு பல்லிக்கு ஒரு தொட்டி. அதுக்கு மேல படிப்பைக் காட்டாதே லா" என்பார்.

அப்படித் தொட்டியோடு இகுவானா வாங்கிப் போனவர்தான் சிவமலர் டீச்சர். ஆயர் ஈத்தாமில் தன் அண்ணனோடு இருந்தார். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சில் அந்த வாசனை போகவில்லை. கொஞ்ச நாளில், பல்லி சாப்பிட மாட்டேன் என்கிறது என்று முறையிட வந்தார். வெயில் படுகிறதா என்று கேட்டேன். ஜன்னலோரம்தான் தொட்டி, நிறையப் படுகிறது என்றார்.

கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சமும் சூடும் இருக்கும், எலும்புக்கு வேண்டிய கதிர் மட்டும் உள்ளே வராது என்று, வியர்க்க வியர்க்க விளக்கினேன். டீச்சர், மக்குப் பையன் ஒப்புவிப்பதைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணாடிக்குள்ளால எங்களுக்கு வெயில் சுடுது. அதுக்கு மட்டும் சுடாதோ தம்பி?"

நிறம்

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து டீச்சர் வீட்டுக்கே போனேன். போனது நல்லதாயிற்று. நான் வெயில் என்று சொன்னதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு, பாவம் வேகிறதே என்று தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றியிருந்தார். அங்கே ஏர்கான் குளிரக் குளிர ஓடிக்கொண்டிருந்தது. இகுவானா தொட்டியின் மூலையில் ஈரச்சாக்குபோல் கிடந்தது. தூக்கினேன். பின்னங்கால்கள் நடுங்கின. தாடையை விரலால் தொட்டால் ரப்பர் மாதிரி உள்ளே போனது.

எலும்பு இளகும் நோய். இப்படியே விட்டால் இது பிழைக்காது என்று டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்கள் கலங்கிவிட்டன. தனியாக உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தும் நேரமெல்லாம் அது அவர் தோளில்தான் இருக்குமாம். சரி, இனி சொன்னதைக் கேட்பார் என்று நம்பி, உயரமான வலைக்கூண்டு, கிளைகள், வெளியில் காலை வெயில் என்று வரிசையாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டவர், "வெளியில விட்டால் கறுத்துப் போகுமே. அந்தப் பச்சைக்காகத்தானே வாங்கினனான்" என்றார்.

அது ஏற்கெனவே பழுப்பாகித்தான் இருக்கிறது, குளிரில்தான் இப்படிக் கறுக்கும், வெயிலில் விட்டால் பச்சை திரும்பும் என்றேன்.

"வெயில்ல நிண்டால் கறுக்கும் எண்டுதான் ஊர் உலகத்தில சொல்றது. உங்கட பல்கலைக்கழகத்தில மட்டும் மாத்திப் படிப்பிக்கினமோ?"

கூண்டு

எப்படியோ கூண்டு செய்யச் சம்மதித்தார். நான் குடியிருந்த சுங்கை பினாங்குப் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஆறுமுகம் அண்ணனிடம் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கணும், ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மேலே பாதிக்குத் தகரம், பாதிக்கு வலை என்றேன். ஏன் பாதிப் பாதி என்றார். வெயில் வேண்டும்போது அது வெயிலுக்குப் போகும், போதும் என்றால் நிழலுக்கு வரும் என்றேன்.

"உள்ளே என்ன போடப்போற?"

முழங்கை நீளத்துக்குக் கையைக் காட்டினேன். அவர் பட்டறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை கையைக் காட்டச் சொன்னார்.

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள மாமியாருக்கு ரூம் கட்றியா தம்பி? கட்டில் போடவும் இடம் இருக்கு லா!"

முற்றம்

கூண்டை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், வைக்க இடமில்லை. பின்பக்கம் அடுத்த வீட்டுத் தகரக் கூரை வெயிலை மறைத்தது. வெயில் விழும் ஒரே இடம் முன் முற்றம். அது டீச்சரின் அண்ணன் நடராசா ஐயாவின் ராஜ்ஜியம். அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெர்போக் வளர்த்தார். கூவும் போட்டிக்கு விடுகிற சின்னப் புறா அது. முற்றம் முழுக்கக் கம்பங்கள் நட்டு, காலையில் ஒவ்வொரு கூண்டாகக் கயிற்றில் உச்சிக்கு ஏற்றுவார். வெயில் பட்டால்தான் குரல் திறக்குமாம்.

"பல்லியைக் கண்டால் என்ர குருவி வாயே திறக்காது. பின்பக்கம் கொண்டுபோம்," என்றார்.

நான் கதிர், எலும்பு, சுண்ணாம்புச் சத்து என்று ஆரம்பித்தேன். டீச்சர் இகுவானாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். ஐயா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இந்த மனிதரை வழிக்குக் கொண்டுவர முடியாவிட்டால் அந்தப் பிராணி செத்துவிடும். கதிர், எலும்பு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்போது இகுவானா டீச்சரின் கையிலிருந்து படியில் இறங்கப் பார்த்தது. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கி, அப்படியே சரிந்தது.

ஐயா கயிற்றைக் கீழே போட்டார். "கால் நடுங்குதோ?" என்று குனிந்து பார்த்தார். "மழைக்காலம் முழுக்க உள்ளுக்கு வைச்ச குருவிக்கு இப்பிடித்தான் வரும். விசரி, இவ்வளவு நாளும் இதை ஏர்கானுக்குள்ளயோ வைச்சிருந்தனீ?" என்று தங்கையிடம் பாய்ந்தார். பிறகு தன் கையாலேயே ஒரு மெர்போக் கம்பத்தைப் பிடுங்கி இடம் விட்டார். நான் மூச்சுவிடுவதற்குள், திரும்பி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வெயில் வேணுமெண்டு ஒரு சொல்லில சொல்ல ஏலாதோ? அரை மணித்தியாலமாய் என்ன தம்பி விரிவுரை?"

குரல்

அதன்பின் நான் போனபோதெல்லாம் ஐயாதான் கூண்டடியில் நின்றார். பொழுது விடிந்ததும் மூடியிருந்த துணியை விலக்குவார். தண்ணீரைப் புகைபோல் தெளிப்பார். மாலையில் திரும்ப மூடுவார். எல்லாம் மெர்போக்குக்குச் செய்கிற அதே முறை. தீனி மட்டும் என் பேச்சுப்படி கீரையும் பூசணியும். இகுவானா மெல்ல மெல்லக் கிளையில் ஏறத் தொடங்கியது. நிறம் தளிர்ப்பச்சைக்குத் திரும்பியது. டீச்சர் எனக்கு வடையும் தேத்தண்ணியும் தந்தார்.

ஆனால் ஐயாவின் முகத்தில் திருப்தி இல்லை. ஒரு நாள் கூண்டின்முன் நின்று நாக்கைச் சொடுக்கி, குருவியைப் பழக்குவதுபோல் இகுவானாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தது.

"இவ்வளவு வெயில் காட்டியும் ஒரு சத்தத்தைக் காணேல்லை. என்ன சாமான் வித்தனீர்? இது எப்ப கூவும்?"

கூவாது என்றுதான் நினைத்தேன். ஆனால் உறுதியாகத் தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கூவாது என்று சொன்னால் துணியை விலக்குவதையே விட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்டேன். இகுவானாவுக்குக் கூவத் தெரியாது, கோபம் வந்தால் சீறும், அவ்வளவுதான் என்றார். மறு ஞாயிறு போய், வருவது வரட்டும் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் துணியை மடித்தபடியே கேட்டார்: "அந்த டொக்டர் மெர்போக் வளர்க்கிறவரோ?"

கூவாது என்பதை மருத்துவரிடமும், பிறகு நூலகப் புத்தகத்திலும் சரிபார்த்துவிட்டேன். ஆனால் ஓர் இகுவானாவுக்குப் பொருத்தமான இருப்பிடம், அது என்றைக்காவது கூவும் என்று அடம்பிடிக்கிறவரின் முற்றம்தான் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.