அங்கியில் இருந்த சிவப்பு

ரொறன்ரோவில் ஒரு மியூசியத்தில் எனக்குச் செக்யூரிட்டி வேலை. நாள் முழுக்க நின்று கால் வீங்குவதுதான் மிச்சம். இந்த வருடம் எனக்குத் தந்தது ஒரு இருட்டறை. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்த தோல் அங்கி ஒன்று. வெண்டாட் என்ற பூர்வகுடிப் பெண்கள் மூஸ் மானின் மயிருக்குச் சாயம் ஏற்றி, அதையே நூலாக்கிப் பூப்பூவாகத் தைத்தது. இந்த ரொறன்ரோ மண்ணும் ஒருகாலத்தில் அவர்களுடையதுதானாம். வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்று லைற்றை மங்க வைத்திருந்தார்கள். டோர்ச் அடிக்கவும் தடை. ஆனால் தினமும் பார்க்கிற எனக்குத் தெரியும், சாயம் எப்போதோ போய்விட்டது. பூவெல்லாம் தேத்தண்ணிக் கறை நிறம்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் தன் தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். கியூபெக்கிலிருந்து காரில் வந்திருந்தார்கள். அந்த அங்கியைத் தைத்தது கிழவியின் அம்மா. காய்ந்த மயிர் முறிந்துவிடும்; அதனால் சிறுமியான இவள் அதை வாயில் வைத்து ஈரமாக்கி எடுத்துக் கொடுப்பாளாம். சிவப்புப் பூ முழுக்கத் தன் எச்சில் என்று சொல்லிச் சிரித்தாள். தைத்து முடித்ததும் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு இன்றுதான் பார்க்கிறாளாம். எங்கே பார்க்க! கண் பாதி போய்விட்டது. அந்த இருட்டில் பெட்டியே தெரியவில்லை. மகள் போனில் டோர்ச்சைப் போட்டாள். சாயம் போய்விடும் என்று சொல்லி நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

மனம் கேட்கவில்லை. வோக்கிடோக்கியில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"அண்ணை, கண் தெரியாத மனுசி. ஒரு நிமிசம் டோர்ச் அடிக்க விடட்டே?"

"உனக்கென்ன விசரே? கமெரா பாத்துக்கொண்டு நிக்குது. உது என்ர கையில இல்லையடா."

நாசமாய்ப் போன வேலை! கிழவி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு இன்னும் இருக்கிறதா என்று மகளைக் கேட்டாள்.

"நல்ல சிவப்பு, அம்மா" என்றாள் மகள். கிழவி நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, நீதானே தினமும் பார்க்கிறாய், நீ சொல் என்றாள்.

ஊரெல்லாம் வாயடிக்கிறவன் நான். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை.

கிழவிக்கு விளங்கிவிட்டது. "அப்படியென்றால் இந்த இருட்டு யாருக்கு?" என்று கேட்டாள்.

மகள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.