பிரிக்காத மிக்ஸிப் பெட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளைக்காக நான் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். மாதாமாதம் ஏழைகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுப்பார்கள். அதை நம்பிப் பல வீடுகளில் உலை கொதித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மிக்ஸி இருந்தால் அது ஏழை வீடு இல்லையாம். அப்படி ஒரு விதி. அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச மிக்ஸி கொடுத்தது அந்த விதியை எழுதிய அறக்கட்டளைச் செயலாளருக்குத் தெரியாதா? அவர் வீட்டுக்கும்தான் வந்தது.

நடவு மெஷின் வந்ததும் வேலை போன ஒரு அம்மா. கணவர் இல்லை. மகளின் கல்யாணச் சீருக்கென்று அந்த மிக்ஸியைப் பெட்டிகூடப் பிரிக்காமல் பரணில் வைத்திருந்தார். நான் "உண்டு" என்று டிக் அடித்தேன். அடுத்த மாதம் அவருக்கு அரிசி நின்றது.

காரணத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன்.

"அதுல போட்டு அரைக்க எங்கிட்ட என்னங்க இருக்கு, முந்திரிப் பருப்பா?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அது இல்லன்னா அரிசி தருவீங்களா?"

செயலாளரிடம் சண்டை போட்டேன்.

"விதிய மாத்துனா ஊரே வந்து நிக்குங்க" என்றார்.

ஊரே பட்டினி கிடந்தால் வராமல் என்ன செய்யும்?

மறுவாரம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மிக்ஸியை விற்றுவிட்டார். "இப்ப எழுதிக்குங்க" என்றார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். நான் "இல்லை" என்று டிக் அடித்தேன்.

செயலாளர் படிவத்தைப் பார்த்தார். "இப்பத்தாங்க சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.