சவரிமுத்து சாட்சி சொன்ன பாட்டு

1893-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஆறாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு மதுரையிலிருந்து புறப்பட்டேன். கூண்டு வண்டி, இரட்டை மாடு. கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் லோயர் கேம்ப் வரை எண்பத்து மூன்று மைல். போக மட்டும் வண்டி வாடகை ஏழே முக்கால் ரூபாய். வண்டிக்காரன் சடையன் எட்டரையில் ஆரம்பித்தான். மைலுக்கு ஒன்றரை அணா என்ற கணக்கை நான் சொன்னதும், சர்க்கார் மனிதர்கள் பென்ஷன் வாங்கினாலும் திருந்துவதில்லை என்று மாட்டிடம் சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டினான்.

தாலுகா கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து தலைமைக் குமாஸ்தாவாக, அதாவது சிரஸ்தாராக, ஓய்வு பெற்றவன் நான். இந்த வயதில் இந்தப் பயணத்துக்குக் காரணம், இறந்துபோன என் தம்பியின் மகள் ஞானம்மாள் எழுதிய நாலு வரிக் கடிதம். அவள் புருஷன் சவரிமுத்து ஆவணி மாதம் மலையில் காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பார்த்தது யார் என்று ஊர்க் கோயில் பாதிரிச் சாமியார் கேட்கிறார். சாட்சி இல்லாமல் மரித்தவர் பூசை வைக்க மாட்டாராம். என்ன காகிதம் வேண்டுமென்று பெரியப்பாவுக்குத்தான் தெரியும்.

சாமியார் கேட்டது சரி. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். சவரிமுத்து பாடகன். மலைமேல் கட்டுகிற பெரியாற்று அணைக்கு இரும்புச் சாமான்களைக் கையால் இழுத்து ஏற்றும் ஆட்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கப் போனான்; டோலக்கு அடிக்கும் கருப்பன் என்ற கூட்டாளியும் கூடப் போனான். இதற்கு முன் ஒரு தடவை போடியில் மூன்று நாள் கல்யாணம் என்று போன சவரிமுத்து, நாற்பதாம் நாள் வேறு தலைப்பாகையோடு வீடு திரும்பியவன். சோறும் கூலியும் பாட்டுக் கேட்க ஆளும் ஒரே இடத்தில் கிடைத்தால், ஒரு பாடகன் வீடு வராமல் இருக்கச் சாவு ஒன்றுதான் காரணம் என்பதில்லை. அவனும் கருப்பனும் ஒரே வாரத்தில் இறந்தார்கள் என்று அவள் எழுதியிருந்தது என் சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது.

அன்று இருபத்து நாலு மைல் ஓடி உசிலம்பட்டியில் தங்கினோம். ஏழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம். மாடுகள் நுரை தள்ளின. நான் இறங்கி நடந்தேன். சடையன் வாலை முறுக்கியபடி பாட ஆரம்பித்தான்.

“கணவாய் ஏறும் காளை ரெண்டும் காத்தக் குடிச்சு நிக்குது,
தேனித் தண்ணி ஒருவாய் குடிச்சா தெம்பு வந்து சேருது,
சவரிமுத்து சொல்லுறேன், சாட்சிக்கு நான் நிக்கிறேன்.”

யார் பாட்டு என்று ஒன்றும் அறியாதவன் போலக் கேட்டேன். பேரைத்தான் பாட்டே சொல்கிறதே என்றான். இந்தச் சாலையில் இரும்பு ஏற்றும் வண்டிக்காரர் எல்லாருக்கும் பாடமாம். பாவம், அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒரு பெருமூச்சும் விட்டான். நீ பார்த்தாயா என்றேன். பார்க்கவில்லை. பார்த்தவனையாவது பார்த்தாயா? அதுவும் இல்லை. இந்த ஜில்லாவில் பாதி மரணங்கள் இப்படித்தான் ருசுவாகின்றன.

மாலை ஆறு மணிக்குத் தேனி. பெயருக்குத் தகுந்த கூட்டம் சந்தையில் மட்டும்தான். மற்றபடி சிறிய ஊர். ஒரு மிளகு வியாபாரியின் முன்வாசலில் இடம் கிடைத்தது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இரண்டணா.

எட்டாம் தேதி, சின்னமனூர் தாண்டி, பகல் இரண்டு மணி. வலப்பக்கம் முழுக்க நெல் அறுவடை. சடையன் அதே மெட்டில் வேறு அடி எடுத்தான்.

“ஐப்பசி வெள்ளம் வந்து அணைச் சுவர அரிச்சதடி,
அள்ளி வச்ச சுண்ணாம்பெல்லாம் ஆத்தோட போனதடி,
சவரிமுத்து சொல்லுறேன், சாட்சிக்கு நான் நிக்கிறேன்.”

வண்டியை நிறுத்தச் சொன்னேன். போன ஐப்பசியில் மலையில் வெள்ளம் வந்தது உண்மையா என்று கேட்டேன். உண்மைதான், தன் மைத்துனனே அதில் ஒரு மாட்டைப் பறிகொடுத்தான் என்றான். ஆவணியில் செத்தவன் ஐப்பசி வெள்ளத்தைப் பாடியிருக்கிறான்; கீழே கையெழுத்தும் போட்டு, சாட்சிக்கு நிற்பதாகவும் சொல்கிறான். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் அகப்பட்டுக்கொண்டதில்லை. நோட்டுப் புத்தகத்தில் அடிகளை எழுதி, எழுதத் தெரியாத சடையனைக் கையெழுத்துக்குப் பதில் கீறல் போடச் சொன்னேன். தன்னைக் கச்சேரிக்கு இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு போட்டான்.

அன்று பொழுது சாயும் வேளையில் உத்தமபாளையத்தை அடுத்து, நம் கிறிஸ்தவ வேதக்காரர் குடும்பங்கள் ஐம்பது அறுபது இருக்கும் சிற்றூரை அடைந்தோம். ஞானம்மாள் வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நானே சொன்னேன். தாலியைத் தொடாதே, உன் புருஷன் உயிரோடு இருக்கிறான், அத்தாட்சி என் பையில் இருக்கிறது. பாட்டைப் படித்தும் காட்டினேன்.

அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, அந்த அடிகளைத் தானும் படித்தாள்.

“உசுரோட இருந்தா ஏன் பெரியப்பா வரல?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பெண்பிள்ளையிடம் சொல்லத்தக்கதல்ல. நாளை நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றேன்.

ஒன்பதாம் தேதி காலை வண்டியில் அவளும் ஏறினாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பச்சைச் சேலை கட்டி, தலையில் ஒரு முழம் பூ வைத்திருந்தாள். ஐந்து மாதமாக அவள் பூ வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதில் படும்படி சொன்னாள். கம்பம் ஆறு மைல், கூடலூர் பன்னிரண்டு, லோயர் கேம்ப் பதினாறு. வழியில் ஒரே ஒரு தடவை, அவரிடம் கோபமாகப் பேசிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மாலை மூன்று மணிக்குச் சேர்ந்தோம். மலையடிவாரம் முழுக்கச் சுண்ணாம்புக் காளவாய்ப் புகை. இரும்புக் குழாய்கள், மரக்கட்டைகள், நூற்றுக்கணக்கான மாடுகள், தமிழும் மலையாளமும் கலந்த கூச்சல். முதலில் ஆபீசுக்குப் போனேன். எதையும் புத்தகத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. மலைக்கு அந்தப்புறத்துக்காரரான ஒரு குமாஸ்தா, “இரிக்கணும் சாரே” என்று முக்காலி போட்டு, கேட்டதும் எடுத்துக் காட்டினார். மேல் முகாமிலிருந்து வந்த சீட்டில், சவரிமுத்து, காய்ச்சல், கீழே அனுப்பப்பட்டது என்றிருந்தது. கீழ் முகாம் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அந்தத் தேதியிலோ அடுத்த தேதிகளிலோ அவன் பெயர் இல்லை. கருப்பனுக்கும் அப்படியே. இரண்டு பதிவும் சரி. இரண்டுக்கும் நடுவே ஆறு மைல் காடு. ஓடிப்போக நினைக்கும் ஒருவன் இதைவிட நல்ல இடைவெளியை விண்ணப்பம் போட்டாலும் பெற முடியாது.

வெளியே வந்தபோது பாட்டுச் சத்தம். ஏற்றத்தின் தொடக்கத்தில் நாற்பது பேர் ஒரு பெரிய இரும்புச் சாமானைச் சக்கரக் கட்டையில் ஏற்றி வடம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடி எடுத்துக் கொடுத்தவள் ஒரு பெண். இடுப்பில் சேலையைச் செருகி, முழங்கைவரை சுண்ணாம்புத் தழும்பு. கடைசி அடி வந்ததும் நாற்பது பேரும் “சவரிமுத்து சொல்லுறேன்” என்று கத்தி, ஒரு நொடி நிறுத்தி, தோளைக் கொடுத்து ஒரு முழம் நகர்த்தினார்கள்.

நான் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் போய், சவரிமுத்து எங்கே, என் முன்னால் வரச் சொல் என்றேன். சக்கரத்துக்குக் கல் கொடுத்து எல்லாரும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

வடத்தின் நுனியில் இருந்த ஒருவன் சொன்னான்: “செத்தவுக எந்திரிச்சு வந்தா மொத ஓட்டம் நாந்தேன் ஐயா.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானம்மாள் இறங்கி நின்றிருந்தாள், தலையில் பூவோடு.

“வாய மூடுலே,” என்றாள் அந்தப் பெண். பிறகு மெதுவாக, “ஆத்தா, நீ சவரியண்ணன் சம்சாரமா?” என்றாள்.

அவள் பெயர் சின்னாத்தா; மயிலாடும்பாறைக்காரி; சுண்ணாம்பு சுமக்கும் பெண்களுக்குத் தலைவி. ஐப்பசி வெள்ளப் பாட்டைக் கட்டியது யார் என்று கேட்டேன். தான்தான் என்றாள். பிறகு ஏன் செத்தவன் பெயர்?

“பாட்டெடுக்குற ஆளு செத்தா வருசம் திரும்புற வரைக்கும் யாரு பாட்டுக் கட்டுனாலும் அவுக பேருலதேன் முடிப்போம், ஐயா. சொந்தப் பேரப் போட்டா பாரம் நகராது. கருப்பனுக்குப் பேரு போட எடமில்ல, அவன் பாடலயே. அவனுக்காகத் தாளத்துல ஒரு தட்டு சும்மா விட்டுத்தேன் இழுப்போம்.”

அந்த ஒரு தட்டு மௌனத்தை நானும் கேட்டிருந்தேன். இழுப்பவர்கள் மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இறந்தவன் பெயரில் பிறர் கையெழுத்திடுவதற்குப் பீனல் கோடில் என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அது இடமில்லை.

மீதியை அவள் நேரே ஞானம்மாளிடம் சொன்னாள். இருவரையும் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களில் சின்னாத்தாவின் புருஷனும் ஒருவன். தண்ணீர் கொடுத்தபடி இவளும் கூட வந்தாள். இரண்டாம் வளைவில் சவரிமுத்து மூச்சை விட்டான். அதற்குள் இருட்டிவிட்டதால், யானைக்குப் பயந்து அங்கேயே தங்கிக் குழி வெட்டினார்கள். மறுநாள் காலை, அந்த இடத்திலேயே, கருப்பனும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரும் மிச்சமில்லை. அதனால்தான் புத்தகத்தில் பெயர் இல்லை.

“கடைசியா எதும் கேட்டாகளா?” என்றாள் ஞானம்மாள்.

“வீட்டுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாக. வண்டிக்காரன்கிட்டச் சொல்லி விட்டோம், ஆத்தா. அவன் எங்கன யாருகிட்டச் சொன்னானோ.”

முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி வாக்குமூலம் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், நேரில் பார்த்தது, காதால் கேட்டது, இரண்டையும் பிரித்து. தூக்கியவர்கள் நாலு பேர், குழி வெட்டியவர்கள் இரண்டு பேர், சின்னாத்தா, ஏழு கீறல். எந்தக் கோர்ட்டும் தள்ள முடியாத காகிதம். அதை எழுதி முடிக்கும்வரை நான் ஞானம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி நான் கொடுத்த புருஷனை நானே எழுதித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு எந்த மானுவலிலும் படிவம் இல்லை.

இரண்டாம் வளைவு ஒன்றரை மைல் ஏற்றம். நாவல் மரத்தடியில் இரண்டு கற்குவியல். ஒன்றில் குச்சிகளைக் கட்டிய சிலுவை, மற்றதில் ஒரு சின்ன மண்விளக்கு. ஞானம்மாள் முதலில் பூவை எடுத்து வைத்தாள். பிறகு தாலியைக் கழற்றி, கோயிலில் கொடுக்க வேண்டும் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. சின்னாத்தா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் சற்றுத் தள்ளி, அவர்களுக்கு முதுகு காட்டி, கற்குவியல்களுக்கு அப்பால் சாலையைப் பார்த்து நின்றேன்.

கிளம்பும்போது சின்னாத்தா கேட்டாள். “வருசம் திரும்ப இன்னும் ஆறு மாசம் கெடக்கு. ஒனக்குச் சங்கடமா இருந்தா பேர விட்டுறோம், ஆத்தா.”

“விட வேணாம்க்கா,” என்றாள் ஞானம்மாள். “கோயில்ல ஒருநாத்தேன் பேரு சொல்வாக. இங்கன தெனமும் சொல்லுறீக.”

பத்தாம் தேதி ஊர் திரும்பியதும் சாமியார் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஏழு கீறலையும் விரலால் எண்ணினார். பதினொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு மரித்தவர் பூசை நடந்தது. கோயில் புத்தகத்தில் சவரிமுத்துவின் பெயர் ஏறியது. ஞானம்மாள் வெள்ளைச் சேலையில், முதல் வரிசையில் முழந்தாளிட்டிருந்தாள். கருப்பனுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளலாமா என்று சாமியாரைக் கேட்டாள். அவன் ஞானஸ்நானம் பெற்றவனா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். கொஞ்சம் யோசித்து, சத்தமில்லாமல் வேண்டிக்கொள் என்றார். நியாயமான உத்தரவு.

எங்கள் கச்சேரியில் ஒருவர் இறந்தால் மறுநாள் காலை பத்து மணிக்குள் வருகைப் பட்டியலில் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவோம். என் கையாலேயே பதினாலு பேரை அடித்திருக்கிறேன். அவர்களில் யாருக்காகவும் ஒரு தட்டு நிறுத்தி வேலை செய்ததாக நினைவில்லை.

பன்னிரண்டாம் தேதி மாலை தேனிச் சந்தையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றோம். மலையிலிருந்து எங்களுக்கு முன்பே இறங்கிவிட்ட வண்டிக்காரர்கள் சிலர் பாடிக்கொண்டிருந்தார்கள். சடையன் காதைக் கூர்மையாக்கினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் நுகத்தடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“குடையப் புடிச்சு வந்தாரு கச்சேரித் தாத்தா,
செத்தவன முன்னால வரச்சொல்லிக் கேட்டாரு;
நாவமரத்து நெழலுல நாலு சொட்டு விட்டாரு,
சவரிமுத்து சொல்லுறேன், சாட்சிக்கு நான் நிக்கிறேன்.”

முதல் இரண்டு அடியும் வாஸ்தவம். மூன்றாம் அடிக்கு ஆதாரம் கிடையாது. நான் சாலையைப் பார்த்து நின்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்கக்கூடிய பக்கத்தில் அங்கே அந்த இரண்டு கற்குவியல்களைத் தவிர யாரும் இல்லை. தவறான பதிவைக் கண்டால் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பதுதான் முறை. எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா என்பதுபோல் சடையன் பார்த்தான். வண்டியைப் பூட்டச் சொன்னேன்.