வாடகைக் காரும் அப்பாவின் லாரியும்

என் வீட்டுக்காரர் பல்சக்கரங்களில் டாக்டர் பட்டம் வாங்க ஜெர்மனிக்குப் போனவர். கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் உரசினால் எந்தப் பல் எத்தனை நாளில் தேயும் என்று மியூனிக்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தார். உங்களுக்குக் கியர் போடத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணம் முடிந்த கையோடு நானும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். அவருடைய பேராசிரியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் மொத்த ஆய்வுக்கூடத்தையும் கிளப்பிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் ஒரு மரவீட்டுக்குப் போய்விடுவார். பகலெல்லாம் பனிச்சறுக்கு, சாயங்காலம் ஆளுக்கொரு ஆராய்ச்சிப் பேச்சு. மனைவிமாரும் வரலாம். அந்த வருஷம் பஸ்ஸில் இடம் போதவில்லை. "யாராவது தனியாக வர முடியுமா?" என்று பேராசிரியர் கேட்டு முடிப்பதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டார். வாடகைக்குக் கார் எடுத்து வருகிறேன், என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று.

லைசென்ஸ் இருந்தது உண்மைதான். கோயம்புத்தூரில் என் மாமனார் தலைமையாசிரியர். லைசென்ஸ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர் அவரிடம் படித்தவர். வாத்தியார் மகனைப் போய் ஓட்டிக் காட்டச் சொல்வதா என்று கூசி, காப்பி வாங்கிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார். அந்தக் காகிதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து முத்திரை குத்தி வைத்திருந்தார் என் கணவர். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மனுஷன் கார் ஓட்டுவார் என்றே நம்பியிருந்தேன்.

என் பக்கத்திலும் ஒரு புளுகு இருந்தது. அதைச் சொல்லாமல் அவரை மட்டும் கிண்டல் செய்தால் நியாயமில்லை.

எங்கள் ஊர் நாமக்கல். அப்பா 'டிரான்ஸ்போர்ட் கம்பெனி' வைத்திருப்பதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தோம். கம்பெனி என்றால் ஒரே ஒரு லாரி. முதலாளி அப்பா, டிரைவர் அப்பா, கிளீனர் வராத நாளில் கிளீனரும் அப்பாதான். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். "லாரிங்கற பேச்சே வாயில வரக் கூடாது. டிரைவர் மகள்னு தெரிஞ்சுது, அந்த வாத்தியார் வீட்ல உன்னை அடுத்த பஸ்ல ஏத்தி உட்டுருவாங்க." இருபது வருஷத்து இன்ஜின் ஆயில் அப்பாவின் நகக்கண்ணில் ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதனால் கல்யாணம் முழுக்கக் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்படி அவருக்கும் உத்தரவு. தாரை வார்த்த நேரம் தவிர அந்தக் கைகள் வெளியே வரவே இல்லை.

இதையும் தாண்டி ஒன்று உண்டு. அதை வாயால் சொல்லவே அம்மாவுக்குப் பயம். எனக்கு லாரி ஓட்டத் தெரியும். பதினேழு வயதில் வற்றிக் கிடந்த ஏரியில் அப்பாவை நச்சரித்துக் கற்றுக்கொண்டேன். பிறகு சரக்கு இறக்கிவிட்டு வரும் காலி லாரியை ஏற்காடு மலைப்பாதையில் மேலும் கீழுமாக நாலைந்து தடவை ஓட்டியிருக்கிறேன், பக்கத்தில் அப்பா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். "கியர் போடற புள்ளைய எவன் கட்டுவான்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆக, அந்தச் சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகைக்கு நாங்கள் போனபோது, ஓட்டத் தெரிந்ததாகச் சொன்ன ஒருவரும் ஓட்டத் தெரியாததாகக் காட்டிக்கொண்ட ஒருத்தியும் போனோம். கூட அதே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். நாற்பது வயது இருக்கும், நாங்கள் அவரை அண்ணே என்போம். குளிருக்கு இரண்டு ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு, கையை மடக்க முடியாமல் நின்றார்.

எல்லோரும் வண்டு என்று கூப்பிடும் அந்தக் குட்டிக் காரைத்தான் வாடகைக்குக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இவர் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றார். ஒரு சாக்குப் பையைத் தூக்கிக் காட்டி, பனிச்சங்கிலி, மலை ஏறுவதற்கு முன்னால் சக்கரத்தில் மாட்ட வேண்டும் என்றார் கடைக்காரர். அதற்கும் ஒரு "யா". இரவல் வாங்கிய மூன்று ஜோடி ஸ்கீ கட்டைகளைக் கூரையில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். எங்களில் ஒருவருக்கும் சறுக்கத் தெரியாது. ஆனால் கட்டை இல்லாமல் போனால் கௌரவம் என்ன ஆவது!

கார் கிளம்பியது. இல்லை, குதித்தது. மூன்று முறை குதித்து மூன்று முறை அணைந்தது. கடைக்காரர் வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் இருந்த என் இடது கால் தானாகத் தரையை மிதித்தது.

நாலாவது முறை நகர்ந்து, ஊரைத் தாண்டி, மலைக்குப் போகும் ரோட்டிலும் ஏறிவிட்டோம். இரண்டாவது கியரிலேயே. மனுஷன் மூன்றாவதுக்கு மாற்றவே இல்லை. இன்ஜின் கத்துகிற கத்தலில் எனக்குப் பல் கூசியது. 'கிளட்ச்சை மிதிச்சு மூணாவது போடுங்க' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து வந்து போனது. அம்மாவை நினைத்து விழுங்கினேன்.

"தம்பி, இந்தச் சத்தம் வழமையோ?" என்று அண்ணே கேட்டார்.

"ஹை ஸ்பீட் இன்ஜின் அண்ணே. அப்படித்தான் இருக்கும்" என்றார் பல்சக்கர டாக்டர்.

ஹை ஸ்பீட் இன்ஜினை ஒரு டிராக்டர் முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டிய கிழவி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

மத்தியானம் மலையடிவாரம். பனி கொட்ட ஆரம்பித்தது. "சங்கிலி மாட்டணுமே?" என்று நான் ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஸ்லோவா போனா நோ நீட்" என்றார். மூன்றாவது வளைவில் ஏற்றம் தாங்காமல் இன்ஜின் அணைந்தது. பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போய், ரோட்டோரம் ஒதுக்கியிருந்த பனிக் குவியலில் பின்பக்கம் சொருகி நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

பிறகு இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "எனக்கு டிரைவிங் தெரியாது."

மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டுச் சொல்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பனியே உருகியிருக்கும். சத்தியமா பள்ளத்தாக்கா என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை.

"ஏனுங்க, இறங்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன். இறங்குங்க."

அண்ணே முதலில் இறங்கிவிட்டார். "தங்கச்சி, நீங்களோ ஓட்டப்போறியள்? எனக்கு ஏலாது. நான் நடந்தே வாறன்" என்று விறுவிறுவென்று மேலே நடந்தார். பத்தடி போனதும் முழங்கால் வரைக்கும் பனியில் புதைந்து திரும்பி வந்தார். "சரி, ஏறுறன். சாகிறதெண்டால் காருக்குள்ள இருந்தே சாவம்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்குப் பையை அவிழ்த்தேன். மழைக்காலத்தில் சேற்றில் மாட்டினால் அப்பா பின் சக்கரத்தில் சங்கிலி சுற்றுவார். அதே வேலைதான், சக்கரம்தான் பொம்மை மாதிரி இருந்தது. விரல் மரத்துப்போனது. மாட்டி முடித்து உட்கார்ந்து, முதல் கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விட்டேன். வண்டு பனியிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே ஏறியது. அடடா, என்ன சுகமான ஸ்டீயரிங்! அப்பாவின் லாரியில் ஒரு வளைவு திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். இது ஒரு விரலுக்குத் திரும்பியது. பயம் எல்லாம் போய் எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

நாலு வளைவு தாண்டிய பிறகு இவர் கேட்டார். "எங்க கத்துக்கிட்டே?"

இனி மறைத்து என்ன செய்ய? சொன்னேன். அப்பா லாரி டிரைவர், கம்பெனி என்பது அந்த ஒரு லாரிதான், அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்று எல்லாவற்றையும் ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு 'ம்' கூட இல்லை. மேலே போய்ச் சேரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவ்வளவுதான், ஊருக்குக் கடிதம் போகப்போகிறது, அம்மா சொன்ன அந்த அடுத்த பஸ் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மரவீடு தெரிவதற்கு ஒரு வளைவு முன்னால் நிறுத்தி இடம் மாறிக்கொண்டோம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"நான் வாய் திறக்கமாட்டன் தங்கச்சி. திறக்கப் பார்த்தாலும் பல்லு கிட்டிப்போய்க் கிடக்கு" என்றார் அண்ணே. இவர் தலையை மட்டும் ஆட்டினார். மிச்சம் இருந்த சமதரையை ஓட்டிப்போய், வாசலில் இருந்த பனிக் குவியலில் காரை முட்டி நிறுத்தினார்.

முந்தின நாளே பஸ்ஸில் வந்திருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து கைதட்டினார்கள். இந்தப் பனியில் இந்தியாவிலிருந்து வந்த மனிதர் ஏறி வந்திருக்கிறார் பாருங்கள் என்று பேராசிரியர் இவர் முதுகில் தட்டினார். இரவுச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சூப்பைக் குடித்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சொல்லாதே என்று கேட்டவள் நான்தான். இருந்தாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் பேராசிரியர் தன் கார் சாவியைத் தூக்கிப் போட்டார். ஜாம் பாட்டில் பக்கத்தில் வந்து விழுந்தது. "நேற்றைய பனியில் ஏறி வந்த ஒரே ஆள் நீங்கள்தான். கீழே ஸ்டேஷனில் விருந்தாளி ஒருவர் காத்திருக்கிறார். என் காரில் போய் அழைத்து வாருங்கள்."

இவர் என்னைப் பார்த்தார். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணே கூரையில் எத்தனை பலகை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இவர் எழுந்து நின்றார். "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது" என்றார், சுத்தமான ஜெர்மனில். "நேற்று ஓட்டியது என் மனைவி. என் மாமனார் லாரி டிரைவர். அவர்தான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும்."

இத்தனை நாள் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த வார்த்தை முப்பது பேர் முன்னால் மேஜை மேல் கிடந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். "உக்காரு. எங்கம்மா ஒண்ணும் இங்க இல்லை" என்றார் இவர் தமிழில்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "என்ன லாரி?"

ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார் நின்றது. அதன் மூக்கில் இருந்த நட்சத்திரத்தைக் காட்டினேன். அப்பா லாரியின் மூக்கிலும் அதே நட்சத்திரம்தான். "இது. ஆனால் பெரிசு" என்றேன்.

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கியர் பெட்டி உங்கள் ஊர் வெயிலில் எப்படி இருக்கிறது, மலையில் எந்தக் கியரில் இறங்குவார் அப்பா, அதிகச் சுமை ஏற்றினால் எது முதலில் போகும் என்று அரை மணி நேரம் குடைந்தார். நான் என் மளிகைக்கடை ஜெர்மனிலும் கையாலும் காலாலும் பதில் சொன்னேன். பல்சக்கர டாக்டர்கள் இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள். உங்கள் அப்பாவிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார். அதே மூச்சில், "லைசென்ஸ்?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜெர்மன்காரர் அல்லவா!

மத்தியானம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், காலில் மாட்டாத கட்டைகளைப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு. "நேத்து ஏன் வாயே திறக்கலை?" என்று கேட்டேன்.

"உங்கப்பா கையைப் பத்தி யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார். "கல்யாணத்துல கையைத் துண்டுக்குள்ளயே வெச்சிருந்தாரு. கையில ஏதோ தோல் வியாதின்னு எங்கம்மா மூணு மாசம் லெட்டர்ல புலம்பினாங்க. நானும் நம்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. என் கல்யாணப் பந்தியில் அப்பா உட்காரவே இல்லை. கையை வெளியே எடுத்தால்தானே சாப்பிட முடியும்? அது அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

எல்லாவற்றையும் இரண்டு வீட்டுக்கும் இவரே எழுதினார். வியாதி இல்லை என்று தெரிந்த நிம்மதியில் மாமியார் லாரியைப் பெரிதுபடுத்தவில்லை. அம்மா இரண்டு மாதம் எனக்குக் கடிதம் போடவில்லை. அப்பா நாலு வரி எழுதியிருந்தார். சங்கிலியைப் பின் சக்கரத்துக்குத்தானே போட்டாய் என்று அதில் மூன்று வரி.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். சேலம் ஜங்ஷனுக்கு வெளியே லாரி நின்றது, கழுவி, நட்சத்திரத்துக்கு மாலை போட்டு. அப்பா மடித்துக் கட்டிய வேட்டியோடு இறங்கி வந்தார். தோளில் துண்டு இல்லை. இரண்டு கையையும் நீட்டி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார், ஆயிலும் கருப்புமாக.

"மாப்பிள்ளை, ஓட்டிப் பாக்கறீங்களா?"

"வேண்டாங்க மாமா" என்றார் இவர். "அவ ஓட்டட்டும். நாம ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்துக்கலாம்."

ஜங்ஷன் வாசலே பார்த்துக்கொண்டிருக்க, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.